சுன்கிம்மிடம் யாரும் சொல்லாத நண்டு

சுன்கிம்முக்கு வாய் நீளம். அதை அவளே மறுக்க மாட்டாள். ஆவ்ஹாய் ஊரின் சிப்பிக் கொட்டகையில் எத்தனை பெண்கள் உட்கார்ந்து சிப்பி உடைத்தாலும் வெளியே ரோட்டில் போகிறவன் காதில் விழுவது அவள் குரல் ஒன்றுதான். கையில் சின்னக் கத்தி, காலடியில் ஓட்டுக் குவியல், வாயில் யாராவது ஒருத்தியின் மருமகள். முற்பகல் முழுக்க இப்படியே ஓடும். அவள் பேசாமல் இருந்தால் பக்கத்தில் இருக்கிற லேசியூ நெற்றியைத் தொட்டுப் பார்ப்பாள், காய்ச்சலோ என்று.

சீனக் கரைக்கு எதிரே இருக்கிற எங்கள் கின்மென் தீவில் சிப்பி வளர்ப்பது கல்தூணில். கடல் வற்றினால் ஒரு பெரிய சேற்றுவெளி திறந்துகொள்ளும். அதில் வரிசை வரிசையாகக் கருங்கல் தூண்கள் நிற்கும், தூணெல்லாம் சிப்பி அப்பியிருக்கும். சுன்கிம்முக்கு மாமனார் வழியில் வந்த தூண்கள் உண்டு. தொடை வரை ரப்பர் பூட்ஸ், முகத்தை மூடிய பூப்போட்ட துணி, அதன் மேல் தொப்பி என்று அவள் சேற்றில் இறங்கினால் கண் மட்டும்தான் தெரியும். கண்ணும் வாயும் என்று சொல்ல வேண்டும், துணிக்குள்ளிருந்தும் அவள் பேசுவாள்.

குதிரை லாடம் மாதிரி ஓடு உள்ள லாட நண்டை அவள் தேடுகிறவள் ஆனது தற்செயல். மீன்வள ஆய்வு நிலையத்திலிருந்து யீஜென் என்ற பெண் ஒருநாள் தனியாகச் சேற்றில் இறங்கினாள். நாற்பதை நெருங்கும் வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, லாட நண்டே கதி என்று இருக்கிறவள். படித்தவள் என்பதால் ஊருக்கே அவள் டீச்சர். ஊர்ச் சேறு அவளை இடுப்புவரை இழுத்துக்கொண்டது. சுன்கிம் ஒரு பலகையைப் போட்டு அவளைப் பிடுங்கி எடுத்தாள். ஒரு பூட்ஸ் இன்றுவரை உள்ளேதான் இருக்கிறது.

"சேத்துக்குள்ள அப்பிடி என்ன டீச்சர் தேடுறீங்க? தங்கமா?"

"லாட நண்டுக் குஞ்சு அக்கா. இத்தினியூண்டு இருக்கும்."

"அட, அதுக்கா உசுரை விட்டீங்க? அதைத்தான் நான் தினமும் மிதிக்கிறேனே!"

யீஜென் அவள் கையைப் பிடித்துக்கொண்டவள்தான், விடவே இல்லை. அன்றிலிருந்து சுன்கிம்முக்கு இரண்டு வேலை. ஒன்று, சிப்பிக்குப் போகிறபோது நண்டுக் குஞ்சுகளைத் தேடி, அளந்து, இருந்த இடத்திலேயே விட்டுவிடுவது. குஞ்சு போன தடம் சேற்றின் மேல் குழந்தை கிறுக்கின மாதிரி வளைந்து வளைந்து போகும். கிறுக்கல் முடிகிற இடத்தில் விரலை விட்டால் காசளவுக்கு ஒரு கவசம் தட்டுப்படும், பின்னால் ஊசி மாதிரி வால் இருக்கும். இன்னொன்று, கரைக்கு வருகிற படகுக்காரர்களிடம் பெரிய நண்டு ஏதாவது வலையில் விழுந்ததா என்று கேட்டுச் சொல்வது. ஊர் ஆண்கள் வெளியாள் யாரிடமும் வாய் திறக்க மாட்டார்கள், அதனால் யீஜென் யோசித்துத்தான் அந்த வேலையை இவளிடம் கொடுத்தாள். யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பார்கள்.

சின்ன வயதில் சுன்கிம் லாட நண்டைத் தின்றிருக்கிறாள். எல்லார் வீட்டிலும் தின்றார்கள். ஓட்டில் புலிமுகம் வரைந்து வாசலுக்கு மேலே மாட்டினார்கள். அது உயிரோடு எப்படி இருக்கிறது என்று ஒருத்தரும் குனிந்து பார்த்ததில்லை. ஒரு குஞ்சை உள்ளங்கையில் மல்லாத்திப் பிடித்து, அது கால்களை அசைத்துத் திரும்பப் பார்க்கிற பாட்டைக் கண்ட நாளில் அவளுக்கு அதன்மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. பிள்ளைகள் இரண்டு பேரும் தைச்சுங் நகரத்துப் பக்கம் வேலைக்குப் போய்விட்ட பிறகு, அவள் அதட்டுவதற்குச் சேற்றில் இவை கிடைத்தன. "ஒழுங்கா வளரு, அடுத்த வருஷம் பார்ப்பேன்" என்று சொல்லித்தான் ஒவ்வொன்றையும் கீழே விடுவாள்.

அடுத்த வருஷம் குறைந்தது. அதற்கடுத்த வருஷம் இன்னும் குறைந்தது. இந்த மூன்று வருஷமாக அவளுடைய தூண்களைச் சுற்றி ஒன்றுகூட இல்லை. படகுக்காரர்களிடம் கேட்டால் ஒரே பதில்.

"பாடு எப்பிடி தம்பி? நண்டு ஏதும் ஏறுச்சா?"

"ஒண்ணுமில்ல அண்ணி" என்று சொல்லிவிட்டு வலையைப் பார்ப்பார்கள், வானத்தைப் பார்ப்பார்கள், அவள் முகத்தை மட்டும் பார்க்க மாட்டார்கள். அவள் கணவன் தியன்ஹோக்கும் படகுக்காரன்தான். அவனிடம் வீட்டிலேயே கேட்பாள். அவன் பேச்சை மாற்றுவான். பொய் சொல்ல வராத மனுஷன் அவன். இல்லை என்று அவன் ஒருநாளும் தன் வாயால் சொன்னதில்லை. அதை அவள் பின்னால்தான் யோசித்துப் பார்த்தாள்.

இந்த நேரத்தில்தான் கடற்கரைத் திட்டம் வந்தது. சேற்றுவெளியின் வடக்குப் பாதியைக் கல்லும் மண்ணும் போட்டு மேடாக்கி, சுற்றுலாப் பேருந்துகள் நிற்க இடமும், உலாவ நடைபாதையும் போடப் போகிறார்கள். சிவப்புக் கொடி நட்டாகிவிட்டது. திட்ட அதிகாரி மோசமான ஆள் ஒன்றும் இல்லை. அவர் நேரடியாகவே சொல்லிவிட்டார்: இங்கே லாட நண்டு இன்னும் இனப்பெருக்கம் செய்கிறது என்றால் திட்டத்தைத் தெற்கே பழைய படகுத்துறைப் பக்கம் தள்ளிவிடுவோம், இல்லை என்றால் வேலை தொடங்கும். கோயில் மண்டபத்தில் ஊர்க்கூட்டம், அங்கே ஊரே சொல்லட்டும்.

ஊர் சொல்வது என்றால் சுன்கிம் சொல்வது. வருஷக்கணக்காகத் தேடினவள் அவள்தானே. அவள் இருக்கிறது என்று சொன்னால் அது பொய், இல்லை என்று சொன்னால் மண் லாரி வரும். பொய் சொல்லிவிடலாமா என்று யோசிக்காமல் இல்லை. ஆனால் யீஜென் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. தன் கையாலேயே அந்தச் சேற்றுக்குக் குழி தோண்டப் போகிறோம் என்கிற நினைப்பு அவளை அரித்தது.

கூட்டத்தன்று காலையில் தியன்ஹோக் சிப்பி போட்ட நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அவள் சாப்பிடவில்லை.

"யோவ், கடைசித் தடவையா கேக்குறேன். இந்த வருஷம் ஒண்ணாவது வலையில பட்டுச்சா?"

"ஊறுகாய எடு."

"நான் என்ன கேக்குறேன், நீ என்ன கேக்குற?"

"உப்பு கம்மியா இருக்கு, அதான் ஊறுகாய் கேட்டேன்."

அவள் ஊறுகாய்க் கிண்ணத்தை அவன் முன்னால் டொக்கென்று வைத்தாள். அவன் அதைத் தொடக்கூட இல்லை.

அன்று பருவத்தின் முதல் வாடைக்காற்று. கடலைக் காக்கிற மாட்சு அம்மன் கோயில் மண்டபத்தில் கதவைச் சாத்தியும் ஊதுபத்திப் புகை ஒரு பக்கமாகப் பறந்துகொண்டிருந்தது. திட்ட அதிகாரி நிலக்கடலை மிட்டாய் வாங்கி வந்திருந்தார். எங்கள் தீவுக்கே எங்கள் மிட்டாயை வாங்கி வந்தவரை என்ன சொல்ல, எல்லாரும் எடுத்துக்கொண்டோம். யீஜென் வரைபடத்தை விரித்து விளக்கினாள். பிறகு, "சுன்கிம் அக்கா சொல்லுவாங்க" என்று உட்கார்ந்துவிட்டாள்.

சுன்கிம் எழுந்தாள். பேச்சு வரவில்லை. ஊருக்கே அது அதிசயமாக இருந்தது.

"இல்ல" என்றாள் கடைசியில். "மூணு வருஷமா என் கண்ணுல ஒரு குஞ்சு படல. படகுக்காரங்க வலையிலயும் பெரிய நண்டு விழல. நான் விடாம கேட்டுப் பாத்துட்டேன். அவ்ளோதான்."

அவள் உட்கார்ந்ததும் லேசியூ அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்ப சரி…" என்று தொடங்கினார்.

"சுன்கிம், நீ வெளிய போ."

தியன்ஹோக் எழுந்து நின்றிருந்தான். கூட்டத்தில் ஒருநாளும் வாய் திறக்காத ஆள்.

"என்னது?"

"வெளிய போன்னேன். லேசியூ, நீயும்தான். கல்யாணமான பொம்பளைங்க எல்லாரும் கொஞ்ச நேரம் வெளிய நில்லுங்க."

உடனே பெண்கள் பக்கம் பற்றிக்கொண்டது. "ஏன், நாங்க என்ன வேண்டாதவங்களா?" என்று ஒருத்தி. "குடிச்சிட்டு வந்திருக்கான் பாரு" என்று இன்னொருத்தி. ஆனால் ஆண்கள் ஒருவரும் தியன்ஹோக்கை அடக்கவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். ஊரிலேயே மூத்த படகுக்காரரான போக்சுவான் கையைத் தூக்கினார்.

"சண்டை வேணாம்மா. காரணம் இருக்கு. அம்மன் மேல ஆணையாச் சொல்றேன், உங்க நல்லதுக்குத்தான். போங்க."

சுன்கிம்முக்கு அவமானத்தில் முகம் எரிந்தது. வாழ்க்கையிலேயே மோசமான ஒரு வார்த்தையை ஊர் முன்னால் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள், அந்த நேரம் பார்த்துக் கட்டினவன் நாயை விரட்டுவது போல விரட்டுகிறான். "வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு" என்று சொல்லிவிட்டு வெளியேறினாள். அதிகாரியின் உதவியாளப் பெண்ணும் கல்யாணமானவள், அவளையும் கோப்போடு அனுப்பிவிட்டார்கள். யீஜென்னும் எழுந்தாள்.

"நீங்க உக்காருங்க டீச்சர்" என்றார் போக்சுவான். "உங்களுக்குத்தான் புருஷன் இல்லியே."

வெளியே காற்று ஆளைத் தள்ளியது. பெண்கள் எல்லாரும் மண்டபச் சுவரை ஒட்டி ஒதுங்கினார்கள். ஒதுங்கின இடத்தில் சரியாக ஒரு ஜன்னல் இருந்தது. அதை யாரும் திட்டமிடவில்லை என்று லேசியூ இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள்.

உள்ளே தியன்ஹோக்கின் குரல் கேட்டது. "நண்டு இருக்கு. போன மாசம் என் வலையிலயே விழுந்துச்சு. ஆனா ஒத்தை."

அதற்குப் பிறகு மண்டபத்தில் மடை திறந்தது. எனக்கும், எனக்கும், அமாவாசைக்கு மறுநாள் பெரிய பெட்டை ஒன்று, அதற்கு முன்னால் ஒன்று என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள்.

லாட நண்டு ஜோடியாகத்தான் திரியும், பெட்டையின் முதுகை ஆண் பிடித்துக்கொண்டு போகும். வலையில் ஒற்றையாக விழுந்தால் அதன் ஜோடி எங்கோ தவிக்கிறது என்று பொருள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் வீட்டில் இருக்கிற ஜோடியும் ஒற்றையாகிவிடும். இவ்வளவும் ஊரில் எல்லாருக்கும் தெரியும். இதற்கு மேல் ஒன்று, முதன்முதலாகப் படகில் ஏறுகிற ஆணுக்கு மட்டும் கடலில் வைத்துச் சொல்வார்கள்: நண்டை மட்டுமல்ல, அந்தப் பேச்சைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. பெண்டாட்டி காதில் விழுந்தால் அவள் விதவை ஆவாள். இந்த இரண்டாவது பாதியைப் பெண்டாட்டிகளிடம் எந்த ஆண்தான் சொல்லுவான்?

"அப்ப என்கிட்ட சொல்லியிருக்கலாமே!" யீஜென்னின் குரல் கிட்டத்தட்ட அலறல்.

"நீங்க எங்க கேட்டீங்க டீச்சர்? அண்ணிதான கேட்டாங்க. அவங்க தியன்ஹோக்கு பொண்டாட்டியாச்சே. அவங்க காதுல போட்டா அவன் கதி என்ன ஆவுறது?" என்றான் ஒருவன். மண்டபமே சிரித்தது, யீஜென் தலையில் அடித்துக்கொண்டு தானும் சிரித்தாள்.

"சரி, பிடிச்சதை எங்க விடுவீங்க?"

"வடக்குப் பாறைக்கு அந்தப் பக்கம். கரையைப் பாக்க வெச்சு விட்டா ஜோடி தேடி வந்துடும்."

"எல்லாருமா?"

"வேற எங்க விடுறது? அப்பன் பாட்டன் எல்லாம் அங்கதான் விட்டாங்க."

அதிகாரி ஏதோ கேட்டார், அது காற்றில் போய்விட்டது. பிறகு தியன்ஹோக் பேசினான், கொஞ்சம் கொஞ்சமாக, நிறுத்தி நிறுத்தி.

"தினமும் சாப்பாட்டு மேஜையில வெச்சுக் கேப்பா. என்னத்தச் சொல்றது? நான் போறதப் பத்தி ஒண்ணுமில்ல, கடல்ல போறவன்தான். ஆனா அவ பேச்சுக்கு ஆளில்லாம அந்த வீட்ல தனியா உக்காந்திருக்கிறத என்னால நெனச்சுப் பாக்க முடியல. அதனாலதான் வாயை மூடிட்டிருந்தேன். இன்னைக்கு அவ எந்திரிச்சு இல்லேன்னு சொன்னா பாருங்க, அந்தக் குரலையும் என்னால தாங்க முடியல."

ஜன்னலுக்குக் கீழே பெண்கள் எல்லாரும் சுன்கிம்மைப் பார்த்தார்கள். கேலி செய்ய இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது, ஆனாலும் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. சுன்கிம் முகத்துணியை இழுத்து மூடிக்கொண்டு அழுதாள். நண்டு இருக்கிறது என்கிற நிம்மதிக்கு எவ்வளவு அழுதாள், அந்த மனுஷனுக்காக எவ்வளவு அழுதாள் என்று அவளுக்கே தெரியாது.

மறுநாள் காலை கடல் வற்றியதும் எல்லாரும் கொடி நட்ட பாதியிலேயே இருக்கிற வடக்குப் பாறைக்குப் போனார்கள். குஞ்சைப் பார்ப்பதற்கும் பேசுவதற்கும் எந்தத் தடையும் இல்லை, அதனால் அங்கே குஞ்சு இருக்கலாம் என்று மட்டும் சொல்லிப் பெண்களையும் கூட்டிப் போனார்கள். பாறைக்கு முன்னால், எதிர்க்கரைச் சீனாவோடு சண்டை நடந்த காலத்தில் எதிரிப் படகு கரையேறாமல் இருக்க நட்ட இரும்புக் கம்பிகள் சாய்ந்து நிற்கும். அதற்கு அந்தப் பக்கம் முன்பு கண்ணிவெடி புதைத்திருந்தார்கள். எடுத்துச் சுத்தம் செய்து எவ்வளவோ காலம் ஆகிவிட்டது, எச்சரிக்கைப் பலகையும் போய்விட்டது. இருந்தாலும் சிப்பிப் பெண்கள் யாரும் அந்தக் கம்பியைத் தாண்டிக் கால் வைப்பதில்லை. சுன்கிம்மும் வைத்ததில்லை. ஆண்கள் கடல் பக்கமிருந்து படகில் வந்து நண்டை இறக்கிவிட்டுத் திரும்பிவிடுவார்கள், அவர்களும் இறங்கி நடந்து பார்த்ததில்லை.

கம்பி அருகே அவள் கால் தானாக நின்றது. யீஜென் கையை நீட்டினாள். இந்தத் தடவை இழுத்துப் போனது அவள்தான்.

தாண்டிப் பத்தடி போவதற்குள் சுன்கிம் குனிந்துவிட்டாள். சேறு முழுக்கக் கிறுக்கல். ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரு பள்ளிக்கூடமே உட்கார்ந்து கிறுக்கின மாதிரி இருந்தது. ஒரு கிறுக்கலின் முனையில் விரலை விட்டாள். காசளவுக் கவசம். அதைக் கழுவி உள்ளங்கையில் மல்லாத்தினாள், அது கால்களை உதறியது.

"டீச்சர்! இங்க பாருங்க! இங்கயும்! அய்யோ, இந்தக் கழுதைங்க எல்லாம் இங்க வந்தா ஒளிஞ்சிருக்கு!"

அந்தக் குரல் எதிர்க்கரைச் சீனாவில் கேட்டிருக்கும் என்று ஆண்கள் சொன்னார்கள். அவளுக்குக் கவலையில்லை. மூன்று வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பாரம் இறங்கிப் போனதில் உடம்பே லேசாக இருந்தது. அதிகாரி படமெடுக்க முன்னே வந்து முழங்கால்வரை புதைந்தார். அவரைப் பலகை போட்டு எடுத்தார்கள், ஷூ வரவில்லை. எங்கள் சேறு வெளியாட்கள் எல்லாரிடமும் ஒன்று வாங்கிக்கொண்டுதான் அனுப்பும்.

வாடைக்காற்று ஓய்வதற்குள் முடிவு வந்துவிட்டது. நடைபாதையும் பேருந்து நிறுத்தமும் தெற்கே பழைய படகுத்துறைக்குப் போயின. அதிகாரி சொன்ன சொல் தவறவில்லை. சிவப்புக் கொடிகளை ஊரே போய்ப் பிடுங்கியது. இப்போதெல்லாம் படகுக்காரர்களிடம் கேட்பது யீஜென்னின் வேலை. அவள் வருகிற நாளில் ஆண்கள் அவளைப் படகுக்குப் பின்னால் கூட்டிப் போய்க் குசுகுசுவென்று சொல்வார்கள். அவள் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருக்க வேண்டுமே என்று போக்சுவான் அம்மனுக்கு வேண்டிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

தியன்ஹோக் மட்டும் அந்தக் கூட்டத்துக்குப் பிறகு சரியாக இல்லை. உயிர்காப்புச் சட்டை போட மாட்டேன் என்று கடலோரக் காவல்காரனிடமே சண்டை பிடித்தவன், இப்போது அதைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டுதான் படகேறினான். தினமும் கோயிலுக்குப் போனான். சாப்பாடு பாதியாகிவிட்டது. சில நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருப்பான், அவள் திரும்பினால் வேறு பக்கம் பார்ப்பான்.

கொடி பிடுங்கின அன்று மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, கிண்ணத்தைப் பார்த்தபடியே கேட்டான்.

"அன்னைக்கு எல்லாரும் வெளிய நின்னீங்களே… உள்ள பேசுனது ஏதாச்சும் காதுல விழுந்துச்சா?"

சுன்கிம்மிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது. இத்தனை வருஷம் முட்டாளாக்கினதற்கு ஒரு பாட்டம் திட்டு, கூட்டத்தில் விரட்டினதற்கு ஒரு பாட்டம், ஜன்னலுக்குக் கீழே நின்று அழுததற்கு அவளால் சொல்ல முடியாத வேறு ஏதோ. எல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. அந்த நம்பிக்கை அவளுக்குப் பாதி உண்டு, பாதி இல்லை. அவனுக்கு முழுசாக உண்டு.

"அந்தக் காத்துல என்னய்யா கேக்கும்? லேசியூ பக்கத்துல நின்னு கத்துனதே எனக்குக் கேக்கல."

"ஒரு வார்த்தைகூடவா?"

"ஒரு வார்த்தைகூட."

அவன் நீளமாக மூச்சு விட்டான். பிறகு, கொஞ்ச நாளாக இல்லாத பசியோடு, கிண்ணத்தை அவள் பக்கம் நீட்டினான்.